கிராம சபைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: பேசியதை எழுத வைப்பது எப்படி

நான் முதன்முதலாகக் கிராம சபைக்குப் போனது ஒரு மே 1 அன்று. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். எங்கள் தெருக் குழாயில் இருபது நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று எழுந்து பேசினேன். நாலைந்து பேர் கைதட்டினார்கள். “பார்த்துச் செய்றோம் தம்பி” என்று மேஜைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. சாதித்த நிறைவோடு வீட்டுக்கு வந்தேன். நான்கு மாதம் கழித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்தக் கூட்டத்தின் தீர்மான நகலை வாங்கினேன். “பொதுமக்களின் கோரிக்கைகள் கேட்டறியப்பட்டன” என்று ஒரே ஒரு வரி. தெருப் பெயர் இல்லை, குழாய் இல்லை, இருபது நாள் இல்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை நான் அன்று வாயே திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். கூட்டம் முடிந்து எல்லாரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முறை வந்தது. மைப்பெட்டியில் விரலை வைக்காமல், “ஏம்ப்பா, நா சொன்னத எழுதிட்டியா? கொஞ்சம் வாசி, கேப்போம்” என்றார். ஊராட்சிச் செயலர் வாசித்தார். அவர் சொன்னது அதில் இல்லை. “அப்ப எழுது” என்று அங்கேயே நின்றார். எழுதி, மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கைநாட்டு வைத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கிராம சபையில் எது முக்கியம் என்று படித்த எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் செய்ததை நீங்களும் செய்வதற்கான வழிகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நகரத்தில் இருப்பவர்களுக்கான குறிப்பு பின்னால் வருகிறது.

யாருடைய கூட்டம் இது

கிராம சபை என்பது ஊராட்சித் தலைவர் நடத்தும் குறைகேட்புக் கூட்டம் அன்று. அரசியலமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 3-ஆவது பிரிவு இதையே மாநிலச் சட்டமாகச் சொல்கிறது. சட்டமன்ற உறுப்பினராவதற்குத் தேர்தலில் ஜெயிக்க வேண்டும். கிராம சபை உறுப்பினராவதற்குப் பதினெட்டு வயதும் பட்டியலில் பெயரும் போதும். அழைப்பிதழ் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். தலைவர் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார், அவ்வளவுதான். கூட்டம் உங்களுடையது.

சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்த்தாலும் ஓட்டு ஊரில் இருந்தால் நீங்கள் உறுப்பினர்தான். ஊரிலேயே குடியிருந்தும் ஓட்டு வேறிடத்தில் இருந்தால் உறுப்பினர் ஆகமாட்டீர்கள். ஆகவே முதல் வேலை, பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால், புதிதாகப் பெயர் சேர்ப்பவர்கள் படிவம் 6-ஐயும், வேறிடத்தில் இருக்கும் ஓட்டை மாற்றுபவர்கள் படிவம் 8-ஐயும் நிரப்பிக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்களில் கிராம சபை கூடிவந்தது. 2022-இல் தண்ணீர் தினமான மார்ச் 22-ஐயும் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். மழை, தேர்தல் நடத்தை விதிகள் போன்ற காரணங்களால் தேதி தள்ளிப்போவது உண்டு என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் காலை 11 மணிக்குத் தொடங்கும்.

தலைவரே இல்லாத ஊரில் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தனி அலுவலர் இருக்கும்போதும் கிராம சபை உண்டு, உங்கள் உரிமையும் அப்படியே உண்டு. சொல்லப்போனால், நாம் கேள்வி கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில்தான் கிராம சபையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டியது

கூட்ட நாளன்று காலையில் எழுந்து போய்ப் பேசினால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

முதலில், உங்கள் பிரச்சினை யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள். தெருவிளக்கு, குடிநீர் விநியோகம், குப்பை, ஊராட்சித் தெருக்கள், சிறு வடிகால்கள் ஊராட்சியின் வேலை. பேருந்து வராதது போக்குவரத்துக் கழகத்தின் வேலை. ஊர் வழியாகப் போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையதாக இருக்கலாம், ஒன்றியச் சாலையாகவும் இருக்கலாம். ஏரியில்கூட வித்தியாசம் உண்டு: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். ஊராட்சியின் வேலை என்றால் “செய்ய வேண்டும்” என்று தீர்மானம் கேட்கலாம். வேறு துறையின் வேலை என்றால் “இன்ன துறையைக் கேட்டுக்கொள்வது” என்று தீர்மானம் கேட்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் பேசினால், “அது நம்ம கையில இல்லீங்க” என்ற ஒரே பதிலில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, ஊராட்சியின் பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது என்று வீட்டிலிருந்தே பாருங்கள். ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால், அந்த ஆண்டின் வளர்ச்சித் திட்டமும் நிதிக்குழு மானியத்திலிருந்து கொடுக்கப்பட்ட தொகைகளும் தெரியும். 15-ஆவது மத்திய நிதிக்குழுவின் 2021-26 காலத்துக்கான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. குடிநீருக்குப் பணமே இல்லை என்று யாராவது சொன்னால், அந்த 60 விழுக்காடு எதற்குப் போனது என்று கேட்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். மாநில நிதிக்குழு மானியம், வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி என்று வேறு வரவுகளும் உண்டு.

மூன்றாவது, கோரிக்கையை எழுதி முன்கூட்டியே கொடுங்கள். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். ஒவ்வொரு கிராம சபைக்கும் முன்னால் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி இயக்குநரிடமிருந்து எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரு பொதுவான கூட்டப்பொருள் பட்டியல் வரும். டெங்கு தடுப்பு, குழந்தைத் திருமண ஒழிப்பு, சுகாதாரம் என்று அது நீளமாகவே இருக்கும். பல ஊர்களில் அந்தப் பட்டியலை வாசித்து முடிப்பதோடு கூட்டமும் முடிந்துவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் உங்கள் ஊர்ப் பிரச்சினை வர வேண்டுமென்றால், அது கூட்டப்பொருளில் தனி எண்ணோடு ஏற வேண்டும்.

அதற்கு, கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே தலைவருக்கோ தனி அலுவலருக்கோ மனுக் கொடுங்கள். “வரும் கிராம சபைக் கூட்டத்தில் கீழ்க்கண்ட பொருளைச் சேர்த்து விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றக் கோருகிறோம்” என்று தொடங்குங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு பிரதியை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அதாவது பி.டி.ஓ.வுக்கு அனுப்புங்கள். கிராம ஊராட்சிகளுக்கென்றே ஒரு பி.டி.ஓ. தனியாக உண்டு. அவருக்குத்தான் போக வேண்டும்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள்

செயலருக்கு ஒரே நாளில் முப்பது நாற்பது பொருள் எழுத வேண்டியிருக்கும். அவர் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாவிட்டாலும், சுருக்கித்தான் எழுதுவார். சுருக்கியதில் உங்கள் கோரிக்கை காணாமல் போகும். நீங்களே வாசகத்தைக் கொடுத்தால் அவருக்கும் வேலை மிச்சம்.

ஒரு மாதிரி சொல்கிறேன். “குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது” என்பது தீர்மானமே அன்று. விவாதித்தார்கள் என்ற செய்தி மட்டும்தான் அது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “3-ஆவது வார்டு மேற்குத் தெருவில் உள்ள 14 வீடுகளுக்கு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மோட்டார் பழுதால், ஜூலை 20 முதல் குடிநீர் விநியோகம் இல்லை. மோட்டாரை ஊராட்சி 15 நாட்களுக்குள் தன் பொது நிதியிலிருந்து பழுது நீக்குவது என்றும், அதுவரை தெருவுக்கு டேங்கர் மூலம் தண்ணீர் வழங்குவது என்றும், செலவு விவரத்தை அடுத்த கிராம சபையில் வைப்பது என்றும் தீர்மானிக்கப்பட்டது.”

இடம், எண்ணிக்கை, தேதி, யார் செய்வது, எந்தப் பணத்தில், எப்போதைக்குள் என்ற ஆறும் அதில் இருப்பதைப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து யார் படித்தாலும், நடந்ததா இல்லையா என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஒரு தாளில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். நாலைந்தை ஒரே மனுவில் அடுக்கினால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒற்றை வரிதான் கிடைக்கும்.

கூட்ட நாள்

விதிப்படி கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். இடம், நேரம், கூட்டப்பொருள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். முன்பு தண்டோரா போடுவார்கள். பறை அடிப்பவரைத் தாழ்த்தும் வழக்கமாக அது இருந்ததால், தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவியுங்கள் என்று 2022-இல் தலைமைச் செயலர் கடிதம் எழுதினார். அறிவிப்பு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் தேதி தெரியும்படி செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் “அறிவிப்பே இல்லை” என்று சொல்ல வேண்டி வந்தாலும், “இருந்தது” என்று சொல்ல வேண்டி வந்தாலும் அந்தப் படம் உதவும்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது என்பது அரசின் அறிவுரை. ஊராட்சியில் நான்கு குக்கிராமங்கள் இருந்தால் ஒரே இடத்தில் நடத்தாமல் மாற்றி மாற்றி நடத்த வேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊர்ப் பக்கமே நடத்தினால் காலனியிலிருந்து வருகிறவர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் குரல் தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதே இல்லை. இது உங்கள் ஊரிலும் நடந்தால், இடத்தை மாற்றக் கேட்பதையே உங்கள் முதல் கோரிக்கையாக வையுங்கள்.

போனதும் ஆட்களை எண்ணுங்கள். கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு உண்டு. அரசாணைப்படி, மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் பதிவேட்டில் இருநூறு கையெழுத்து இருந்தால், மீதிக் கையெழுத்து வீடு வீடாகவோ நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலோ வாங்கியதாக இருக்கலாம். எத்தனை பேர் இருந்தார்கள் என்று நேரத்தோடு உங்கள் நோட்டில் குறித்துவையுங்கள்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒருவரைப் பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்கும் அலுவலராக, அனுப்புவார்கள். அவர் யார் என்று தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கோரிக்கையை எழுத மறுத்தால், கோபப்படாமல் அவரிடம் போய், “சார், நான் முன்கூட்டியே மனுக் கொடுத்திருக்கிறேன், ஒப்புகை இதோ. ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையாவது பதிவு செய்யச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். மறுப்புக்குக் காரணம் எழுத வேண்டும் என்று வரும்போது பெரும்பாலும் கோரிக்கையையே எழுதிவிடுவார்கள்.

தலைவர் பெண்ணாக இருந்து, கணவர் மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை நடத்தினால், “தலைவர் பேசட்டும்” என்று மரியாதையாக எழுந்து சொல்லுங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த நாற்காலியில் அவர் உட்கார வேண்டும் என்பதற்காக வந்த சட்டம் அது. அவருக்காக நாம் எழுந்து சொல்லும் ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய பலம்.

பேசும்போது இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். பெயர், வார்டு, பிரச்சினை, பிறகு தீர்மான வாசகம். யாரையும் திருடன் என்று சொல்லாதீர்கள். சொன்ன நிமிடத்திலிருந்து கூட்டம் உங்கள் சண்டையாக மாறிவிடும், குழாய் மறந்துபோகும். கணக்கைக் கேளுங்கள், ஆளைக் கேட்க வேண்டாம். செல்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் ஒளித்துச் செய்யாமல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

படிவம் 30-ஐப் படிப்பது

வரவு செலவு அறிக்கை வாசிக்கும் நேரத்தில்தான் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போகிறார்கள். நீங்கள் உட்காருங்கள். ஊராட்சியின் பொது நிதியிலிருந்து செய்த செலவை ‘படிவம் 30’ என்ற அறிக்கையாகக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். மக்கள் பார்க்கும்படி பேனராகவும் வைக்க வேண்டும். பேனர் இல்லையென்றால் “படிவம் 30 எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாகக் “கணக்கு எங்கே” என்பதற்கும், படிவத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு வேறாக இருக்கும்.

முதல் முறை எல்லா வரியையும் பார்க்க முயல வேண்டாம். ஒரே ஒரு செலவை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குப் பராமரிப்பு என்று ஒரு தொகை இருந்தால், எத்தனை பல்பு, எந்தத் தெரு, எந்த மாதம் என்று மூன்று கேள்வி. உங்கள் தெருவில் எத்தனை விளக்கு எரிகிறது என்று முந்தின இரவே எண்ணிக்கொண்டு போங்கள்.

சாலை வேலையென்றால் இன்னும் நன்றாகவே பார்க்க முடியும். வேலை நடந்த இடத்தில் திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, நீளம் எழுதிய பலகை இருக்க வேண்டும். 150 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று மதிப்பீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கான்கிரீட் 67.5 கன மீட்டர் வரும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று இடத்தில் அகலத்தை அளந்து பாருங்கள். 2.7 மீட்டர்தான் இருந்தால், பார்வைக்குத் தெரியாத அந்த ஒரு அடிக் குறைவில் 6.75 கன மீட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு, போடப்படவே இல்லை என்று அர்த்தம். ஓரத்தில் மண் அணைப்பதற்கு முன் போனால் கனத்தையும் அளக்கலாம். பில் போடுவதற்காகப் பொறியாளர் அளவுகளைக் குறிக்கும் புத்தகத்தை எம்-புக் என்பார்கள். அதிலுள்ள அளவையும் உங்கள் டேப் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் தணிக்கை. அதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. எங்கள் ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர்தான் டேப்பின் இரு முனையைப் பிடித்தார்கள்.

கணக்குக் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிது அன்று. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏறக்குறைய கி.பி. 920-ஐ ஒட்டியது, குடவோலை முறையில் யாரெல்லாம் வாரியத்துக்கு வரக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களின் நெருங்கிய உறவினர்களும் அதில் வருகிறார்கள். அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. நிலமும் படிப்பும் உள்ளவர்களுக்கான சபை அது. எல்லாருக்கும் இடம் உள்ள சபை இன்றுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. கணக்குக் கேட்கும் வழக்கத்தையும் அதற்குள் கொண்டுவர வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

இங்கே அவசரப்படாதீர்கள். வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்து நீங்கள் வந்ததற்கு அத்தாட்சி. அதைத் தொடக்கத்தில் போடலாம். தீர்மானப் புத்தகத்தில் போடும் கையெழுத்து வேறு. அந்தத் தீர்மானங்கள் உங்கள் முன்னால் நிறைவேறின என்பதற்கு அது சாட்சி. எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “அப்புறமா எழுதிக்கிறோம், நீங்க போட்டுட்டுப் போங்க” என்றால், “எழுதுங்கண்ணே, நான் இருக்கிறேன்” என்று உட்காருங்கள். உங்கள் தீர்மானத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே இடம் காலியாக இருந்தால் கோடு போட்டு மூடச் சொல்லுங்கள். “மொத்தம் இத்தனை தீர்மானங்கள்” என்று எண்ணையும் எழுத்தாலும் இலக்கத்தாலும் எழுதச் சொல்லலாம்.

கூட்ட நிகழ்வுகளை ‘நம்ம கிராம சபை’ செயலியில் ஏற்ற வேண்டும் என்று ஊராட்சிகளுக்கு அறிவுறுத்தல் உண்டு. ஏற்றியாயிற்றா என்று இரண்டு நாள் கழித்து விசாரியுங்கள்.

நகல் வாங்குவது

கூட்டம் முடிந்த வாரமே தீர்மான நகலை எழுத்து மூலம் கேளுங்கள். தந்தால் சந்தோஷம். தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. நாட்டிலேயே முதலில் 1997-இல் இப்படியொரு சட்டம் இயற்றிய மாநிலம் இது.

வெள்ளைத் தாளில் எழுதலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பிரிவு 6(1)-இன் கீழ் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது பிரிவு 6(3)-இன்படி அவர் கடமை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

“ஏன் செய்யவில்லை?” என்று கேள்வி கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள். “இன்ன தேதியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டின் அனைத்துப் பக்கங்கள், வருகைப் பதிவேடு, படிவம் 30, தீர்மான எண் 7-இன் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை தொடர்பான கடிதங்கள் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்” என்று கேட்டால் தப்பிக்க இடமில்லை. நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பக்கங்கள் ஏராளமாக இருந்தால் பிரிவு 2(ஜே)-இன் கீழ் நேரில் பார்வையிடக் கேளுங்கள். ஆவணங்களை மட்டுமல்ல, நடக்கும் வேலைகளையும் பார்வையிடும் உரிமை அதில் உண்டு. எம்-புக்கைப் பார்க்க நான் எப்போதும் இந்த வழியில்தான் போவேன்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையென்றால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த முப்பது நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் பயனில்லையென்றால் தொண்ணூறு நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்கு அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆணையத்தில் வழக்கு வர மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலாகும். அதனால்தான் கூட்டத்தன்றே எழுத வைப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தீர்மானத்துக்கு எவ்வளவு பலம்

இதில் யாரையும் ஏமாற்ற எனக்கு மனமில்லை. கிராம சபைத் தீர்மானம் போட்டாலே எல்லாம் நின்றுவிடும் என்று சொல்வது உண்மையன்று. ஊராட்சியின் சொந்த வேலைகளிலும், பயனாளிகள் பட்டியல், வளர்ச்சித் திட்டம், சமூகத் தணிக்கை போன்றவற்றிலும் கிராம சபையின் ஒப்புதல் நேரடியாக வேலை செய்யும். மேலே உள்ள அரசுகளின் திட்டங்களில் அது ஊரின் குரலாகப் பதிவாகும். எவ்வளவு தூரம் போகும் என்பது மற்றவற்றையும் பொறுத்தது.

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரக்கணக்கான மக்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மறுபக்கம், பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தும், 2025-இல் அந்தத் திட்டத்துக்குக் கொள்கையளவிலான ஒப்புதல் கிடைத்தது. ஒடிசாவின் நியாம்கிரியில் நிலைமை வேறு. அங்கே வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களின் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தந்திருந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் முடிவை அவர்களிடமே விட, பன்னிரண்டு கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. உங்கள் கோரிக்கை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று முதலிலேயே பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தீர்மானம் போட்டும் ஊராட்சியின் சொந்த வேலையே நடக்கவில்லையென்றால், சான்றளித்த நகலை இணைத்து மாவட்ட ஆட்சியருக்குக் கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கலாம், முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இலும் பதியலாம். ஊழல், முறைகேடு என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவரிடம் புகார் கொடுக்க வழி உண்டு.

நகரத்தில் இருந்தால்

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் கிராம சபை கிடையாது. அதற்கு ஈடாகத் தமிழ்நாட்டில் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்தன. விதிகள் 2022-இல் வெளியாகி, அந்த ஆண்டு நவம்பர் 1-இல் முதல் பகுதி சபைகள் கூடின. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். உங்கள் வீடு எந்தப் பகுதியில் வருகிறது, உங்கள் பகுதிக்கு வார்டு குழு உறுப்பினர் யார் என்று கவுன்சிலரிடமோ வார்டு அலுவலகத்திலோ கேளுங்கள். கிராமத்தில் இருப்பதைப் போன்ற பழக்கம் இன்னும் வரவில்லை, பலருக்குக் கூட்டம் நடப்பதே தெரிவதில்லை. முன்கூட்டி மனு, எழுதிய வாசகம், நகல் என்ற வழி இங்கேயும் அதேதான்.

அடுத்த கூட்டத்துக்கு

தனியாகப் போகாதீர்கள். தெருவில் நான்கு பேரைச் சேருங்கள், அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்க, ஒருவர் தலை எண்ண, ஒருவர் செயலர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்க்க என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பேசுகிறவரைத் தனிமைப்படுத்தி, “இவனுக்கு வேற வேலை இல்ல” என்று சொல்வது எல்லா ஊரிலும் நடக்கும். நான்கு பேரைப் பார்த்து அப்படிச் சொல்வது கடினம்.

முடிந்தால் அக்டோபர் 2-ஐ இலக்காக வையுங்கள். அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பணி அதை ஒட்டித்தான் தொடங்கும். அதில் ஏறாத வேலைக்கு ஏப்ரலில் பணம் கேட்பது சிரமம்.

எங்கள் ஊரில் இப்போது கூட்டம் தொடங்கியதும் முதலில் எழும் கேள்வி, “போன கூட்டத்துத் தீர்மானமெல்லாம் என்ன ஆச்சு?” என்பதுதான். தீர்மான எண்களை வரிசையாக எழுதிய தாளை ஒருவர் கையில் வைத்திருப்பார். செயலர் ஒவ்வொன்றாக வாசிப்பார், இவர் டிக் போடுவார். டிக் விழாத எண்கள் புதிய கூட்டப்பொருளில் மறுபடி ஏறும். பாட்டி இன்றும் வருகிறார், முன்வரிசையில்தான் உட்காருகிறார். எங்கள் மேற்குத் தெருக் குழாய் மூன்றாவது முறையும் எழுதிய பிறகு சரியானது. தீர்மான எண் 7, ஆகஸ்ட் 15.